ஒரு நூலைப் படிக்கும்போது ஆசிரியரின் நோக்கத்தையும் அவர் வாதிடும் முறையையும் எப்படி இனம் காண்பது?

ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதற்கு முன்னால் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் நோக்கம் பாதி பிடிபட்டுவிடும்.

இதற்கான வழி நம் நன்னூலிலேயே இருக்கிறது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம், அதாவது அந்த நூலைப் பற்றிய முன்னுரை, காட்ட வேண்டிய எட்டுச் செய்திகளில் 'கேட்போர்', 'பயன்' இரண்டையும் பவணந்தி முனிவர் வைக்கிறார். காலம், களம், காரணம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்கிறார். நன்னூலின் பாயிரப் பகுதியிலேயே 'எழுவகை மதம்' என்றொரு சூத்திரமும் வருகிறது; மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தல், இருவர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், எதிலும் சேராமல் தன் கொள்கையைக் கொள்ளுதல் என ஏழு. இலக்கண மாணவர்கள் மட்டும் படிக்கும் சூத்திரமாக இது சுருங்கிப் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. எந்தக் கட்டுரையைப் படிக்கவும் இது உதவும்.

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலை எடுத்துக்கொள்வோம். லாகூரில் இருந்த ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற அமைப்பின் 1936 மாநாட்டுக்காக எழுதிய தலைமையுரை அது. உரையை முன்கூட்டியே படித்த அமைப்பினர் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மாநாடு நடக்கவில்லை, உரையை அவரே அச்சிட்டு வெளியிட்டார். ஆக, கேட்போர் சாதியை எதிர்த்த சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள். இதை மறந்துவிட்டுப் படித்தால், அவர் ஏன் திரும்பத் திரும்ப 'நீங்கள்' என்று பேசுகிறார், ஏன் சாத்திரங்களிலேயே வந்து நிற்கிறார் என்பது புரியாது.

இப்போது முறையைப் பாருங்கள். சோஷலிஸ்டுகளிடம் பேசும்போது, பொருளாதாரம் ஒன்றே அதிகாரத்தின் ஊற்று என்பதை முதலில் மறுக்கிறார். அதோடு விடவில்லை. சரி, உங்கள் புரட்சியே நடக்கட்டும், அதற்கு ஏழைகள் ஒன்றுசேர வேண்டுமே, புரட்சிக்குப் பிறகு சாதி பாராமல் சமமாக நடத்தப்படுவோம் என்ற நம்பிக்கை இல்லாமல் எப்படிச் சேருவார்கள் என்று கேட்கிறார். எதிராளியின் கருத்துக்குள்ளேயே நுழைந்து அதைக் களைவது இதுதான். அழைத்த அமைப்பிடமோ உடன்பாட்டில் தொடங்குகிறார். கலப்பு மணமே மருந்து என்பதில் நீங்கள் சரி, ஆனால் மக்கள் ஏன் அப்படி மணப்பதில்லை என்று ஒரு படி பின்னால் போய், சாத்திரங்களின் புனிதத்தில் உள்ள நம்பிக்கையைச் சுட்டுகிறார். முழு உரையும் அந்த இடத்துக்கு வருவதற்காகத்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நிறையப் பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சாதி என்பது வேலைப் பிரிவினைதான் என்ற வாதத்தை அவர் அந்த நூலில் எடுத்துச் சொல்கிறார். ஆனால் அது மறுப்பதற்காக வைத்த எதிர்த்தரப்பு. அடுத்த வரிகளிலேயே, அது வேலையாட்களையும் பிரிப்பது என்று தகர்த்துவிடுகிறார். அதனால் ஒரு பத்தியை ஆசிரியரின் கருத்தாக எடுக்கும் முன் அடுத்த பத்தியையும் படித்துவிடுங்கள். 'என்று சொல்வார்கள்', 'உண்மைதான், ஆனால்', 'அப்படியே வைத்துக்கொண்டாலும்' போன்ற சொற்கள் குரல் மாறுவதைக் காட்டிக்கொடுக்கும்.

நாளிதழ்க் கட்டுரைகளில் இரண்டு தரப்பைச் சொல்லி ஒன்றைத் தேர்வதுதான் அதிகம். அங்கே சொல்லாமல் விட்ட மூன்றாவது தரப்பு யாருடையது என்று கேட்டாலே பெரும்பாலும் நோக்கம் தெரிந்துவிடும்.

பயிற்சி வேண்டுமென்றால் அதே நூலின் 1937 பதிப்பைப் படியுங்கள். காந்தி ஹரிஜன் இதழில் எழுதிய மறுப்பும் அதற்கு அம்பேத்கர் தந்த பதிலும் அதில் உண்டு. ஒரு மதத்தை அதன் மோசமான ஆட்களை வைத்து அல்ல, சிறந்தவர்களை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்கிறார் காந்தி. அது சரிதான், ஆனால் மோசமானவர்கள் ஏன் இவ்வளவு பேர், சிறந்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே என்கிறார் அம்பேத்கர். ஏழில் எவை எவை இங்கே இருக்கின்றன என்று நீங்களே குறித்துப் பாருங்கள்.