புகை வருது, கங்கு விழல: முதல்ல தூளைப் பாருங்க

"தீ மூட்ட வில்லு வச்சு கட்டையைக் கடையுறேன், புகை என்னமோ நல்லாத்தான் வருது, ஆனா கங்கு மட்டும் விழவே மாட்டேங்குது, கொஞ்ச நேரத்துல கீச்சுகீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுடுது, தப்பு மரத்துலயா இல்ல என் கையிலயா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

மரத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க, முதல்ல கீழ விழுந்த தூளை ரெண்டு விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. புகை சீக்கிரமே வந்துடும், அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. தூள் வெளிர் பிரவுனா இருந்தா சூடு பத்தல, அழுத்தமும் வேகமும் கூடணும். கருப்பா, ஆனா திரிதிரியா சுருண்டு கொரகொரன்னு இருந்தா ரொம்ப அழுத்துறீங்க. நல்ல தூள்னா கருத்த பிரவுன் இல்ல கருப்பு, நைசா, கோலமாவு கணக்கா உதிரியா இருக்கும்.

இப்ப அந்த கீச்சு சத்தம். அழுத்தம் பத்தாம வேகமா மட்டும் சுத்தினா அடிப்பலகையில இருக்கிற குழியும் அதுல சுத்துற கோலோட முனையும் பாலிஷ் ஆகி வழுக்கும், அப்புறம் மரம் தேயாது, தூளே வராது. ரெண்டையும் கத்தியால லேசா சுரண்டிட்டு, குழியில ஒரு சிட்டிகை காஞ்ச மணல் போட்டு மெதுவா ஆரம்பிங்க. இன்னொண்ணு, கோலை மேல இருந்து அழுத்துற கட்டை, அதான் மேல்பிடி, அதுக்கு சோப்போ மெழுகோ தடவினா கோலோட அந்த முனையில ஒரு அடையாளம் போட்டுக்கோங்க, பல பேர் கோலைத் தலைகீழா மாட்டிட்டு வழவழப்பைக் கீழ கொண்டு போயிடுறாங்க, அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வேலைக்காகாது!

பலகையில போடுற வி ஷேப் வெட்டு, குழியோட நடுப்புள்ளிக்குக் கிட்ட வரைக்கும் போகணும், குழி வட்டத்துல எட்டுல ஒரு பங்கு அகலம் போதும். தூள் சிதறாம ஒரே குவியலா சேர்ந்தாத்தான் சூடு நிக்கும். மேல்பிடி பிடிக்கிற கையோட மணிக்கட்டை முழங்காலுக்குக் கீழ காலோட முன்பக்க எலும்போட ஒட்டிப் பூட்டிக்கோங்க, கோல் ஆடவே கூடாது. வில்லை முழு நீளத்துக்கும் நிதானமா இழுங்க, வெட்டு தூளால நிரம்பின பிறகுதான் ஸ்பீடு, முதல்லயே வெறி பிடிச்ச மாதிரி இழுத்தா கடைசியில தேவைப்படுற மூச்சு இருக்காது.

மரம் நகத்தால அழுத்தினா பள்ளம் விழுற அளவுக்கு மிருதுவா, பிசின் இல்லாம, நல்லா காஞ்சதா இருக்கணும். தரையில கிடந்தது ஈரம் உறிஞ்சியிருக்கும், நின்னபடியே பட்டுப்போன கிளைதான் பெட்டர்.

நிறுத்தின பிறகும் குவியல்ல இருந்து தானா புகை வந்துட்டே இருந்தா கங்கு பிடிச்சாச்சு. அவசரப்பட்டு பலகையைப் பிடுங்காதீங்க, கத்தி நுனியால குவியலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பலகையை மெல்ல சாய்ச்சு எடுத்துட்டு, கையால லேசா விசிறி, அது சிவந்து ஒண்ணா இறுகினதும் காஞ்ச நார்க்கூட்டுக்குள்ள மாத்தி நீளமா, மெதுவா ஊதுங்க. பத்துச்சுன்னா குப்புன்னு பத்தும், சுள்ளி அடுக்குறதையும் சுத்தி கிடக்கிற சருகை ஒதுக்குறதையும் வில்லைத் தொடுறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.