பறவைக்குப் பின்னால் போனால் பிழைப்புக்கு ஆகுமா?

மகள் வலசைப் பறவைகளை ஆராயப் போகிறேன் என்கிறாள், இது பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைநோக்கியோடு காட்டில் திரிகிற வேலை என்று நினைத்தால் உங்கள் பயம் நியாயம்தான். உண்மையில் இந்த ஆய்வாளர்களுடைய நாள் பெரும்பாலும் கழிவது ஆய்வகத்திலும் கணினி முன்னாலும்தான்.

இவர்கள் விடை தேடும் கேள்வி எளிமையானது. ஓரிடத்தில் குஞ்சு பொரிக்கும் கூட்டம் குளிர்காலத்தில் ஒரே இடத்துக்குப் போகிறதா, பல இடங்களுக்குப் பிரிகிறதா? ஒரே சதுப்பு நிலத்தை நம்பியிருந்தால், அது அழிந்ததும் கூட்டமே போச்சு.

இதைக் கண்டறியும் வழிகள் மாறி வந்திருக்கின்றன. 1899இல் டென்மார்க் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டினார். அந்தப் பறவை மறுபடி யார் கையிலாவது சிக்கினால்தான் தகவல். பின்னால் வந்த ஜியோலொகேட்டர், பறவையின் உடலில் மாட்டும் சிறு கருவி, வெளிச்சத்தைப் பதிவு செய்யும். பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையும், நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகையும் கிடைக்கும். ஆனால் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் அட்சரேகை குழம்பிவிடும். அதோடு, திரும்பி வந்த பறவையைப் பிடித்துத்தான் கருவியைக் கழற்ற முடியும். வழியில் செத்தவை போன இடம் தெரியாது. உயிரோடு திரும்பியவற்றை மட்டுமே பார்ப்பதால் வரும் இந்த ஒருபக்கச் சாய்வைக் கணக்கில் சரிசெய்யத் தெரிந்தவருக்கு இங்கே நல்ல மதிப்பு.

எனக்குப் பிடித்தது ஐசோடோப்பு முறை. ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை. மழைநீரில் கன ஹைட்ரஜனின் (எடை கூடிய ஹைட்ரஜன் வகை) விகிதம் இடத்துக்கு இடம் மாறும். உணவு வழியாக அது இறகில் சேரும். வளர்ந்து முடிந்த இறகு அப்புறம் மாறாது. ஆக, பறவையைப் பிடித்த இடம் எதுவானாலும், அந்த இறகு வளர்ந்த ஊரைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழிக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் எங்கே பிறந்தவை என்று 1998இல் இப்படித்தான் சிறகை வைத்துக் கண்டார்கள். தேனில் கலப்படத்தையும் விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்தையும் பிடிப்பது ஐசோடோப்பு விகிதத்தை அளக்கும் இதே வகைக் கருவிதான். பறவை கைவிட்டாலும் கைத்தொழில் கைவிடாது.

ஒன்றை மறைக்க மாட்டேன். நிரந்தர ஆராய்ச்சிப் பணிகள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையாக இருக்கலாம். அதனால் பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். உயிரியலோடு புள்ளியியலும் சொல்லித்தரும் படிப்பா என்று பாருங்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை. விலங்குகளின் நடமாட்டத் தரவைச் சேமிக்கும் மூவ்பேங்க் என்ற இணையதளத்தில் பல ஆய்வுகளின் தடத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நாரையின் பயணத்தை எடுத்து புள்ளியியலுக்குப் பயன்படும் 'ஆர்' என்ற கணினி மொழியில் வரைபடமாக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் பிழைச் செய்திகளோடு மல்லுக்கட்டிய பிறகும் எழுந்து போகாமல் இருந்தால், சரி, சேர்த்துவிடுங்கள்.