ஏஜெண்டு வேண்டாம், மகனை நீங்களே கூட்டிப் போங்கள்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 20 வயது, அறிவுத்திறன் வளர்ச்சி குறைவு. மூன்றாம் ஆண்டோடு பள்ளி நின்றுபோய், அன்றிலிருந்து வீட்டில்தான். ஓகேயு அட்டை, அதாவது உடற்பேறு குறைந்தோருக்கு அரசாங்கம் தரும் அட்டை, எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும், மகளுக்கு வரன் அமையாது என்று கணவர் தடுக்கிறார். இதற்கிடையில் ஓர் ஏஜெண்டு வந்து, "700 வெள்ளி கொடுங்கள், பையனைக் கூட்டி வரவே வேண்டாம். அட்டையும் மாதாமாதம் பணமும் வாங்கித் தருகிறேன்" என்கிறாராம். என்ன செய்வது?

சகோதரி, ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். சமூகநல இலாகாவில் பதிவு இலவசம். பாரத்தை வாங்கி, மருத்துவரிடம் மகனைக் காட்டி அவருடைய பகுதியை நிரப்பி வாங்குங்கள். அடையாள அட்டை நகல், படத்தோடு கொடுத்தால் போதும். அரசாங்க மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அப்புறம், அட்டை வந்ததும் பணம் தானாக வராது. உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் உண்டு, குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுத்தான் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேசையில் வைத்தார். பேரனின் வங்கி அட்டை மட்டும் இல்லை. "ஏஜெண்டுதான் வைத்திருக்கிறார் ஐயா, பணத்தை எடுத்து அவர் பங்கு போக மீதியைக் கொடுப்பார்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மகனுக்கு 18 வயது தாண்டிவிட்டதால் ஏதோ அதிகாரப் பத்திரத்தில் அவன் கைரேகை வேண்டும் என்று இந்த ஏஜெண்டுகள் கேட்பார்கள். வைக்க விடாதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் வைத்த ரேகை சட்டத்தில் நிற்காது. அவன் பெயரில் வீடோ, பெரிய தொகையோ இருந்து, அதை அவனால் நிர்வகிக்க முடியாது என்றால் மட்டும் 2001 மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி இருக்கிறது. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், செலவும் ஆகும். ஓகேயு அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மகன் பெயரில் சொத்து இல்லையென்றால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. பதிவு கட்டாயமில்லை என்பதும் உண்மை. ஆனால் அட்டை உங்கள் கைப்பையில்தான் இருக்கப்போகிறது, வாசலில் தொங்கப்போவதில்லை. 20 வருடம் ஒரே பிளாட்டில் இருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தாருக்கு மகனைத் தெரியாதா? அந்த ஏஜெண்டு உங்களிடம் விற்பதே "பையனைக் கூட்டி வர வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையைத்தான். மறைத்துப் பழகிய வீடு என்று பார்த்தே வந்திருக்கிறார்.

அட்டை வந்த பிறகு, பக்கத்தில் பிடிகே எங்கே இருக்கிறது என்று இலாகாவிலேயே கேளுங்கள். சமூகத்தோடு சேர்ந்த பயிற்சி மையம் அது. 1984-ல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது, இன்று நாடெங்கும் உண்டு. இடமில்லை என்று சொன்னால் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகே கிளம்புங்கள். உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008-ல் வந்தபோது, உரிமையை மறுப்பவருக்கு என்ன தண்டனை என்று ஒரு வரி இல்லாமலேயே வந்தது. அதனால்தான் பெற்றோர் ஒவ்வொரு கவுண்டராகப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறது. யாருக்காவது கோபம் வர வேண்டாமா?

அடுத்த மாதம் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு அவனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போகப்போகிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மேளம் தொடங்குமுன் மண்டபத்துக்குப் போய்விடுங்கள், சத்தம் அவனுக்குப் பழகட்டும். கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், தாங்கவில்லை என்றால் வெளியே கூட்டிப் போகலாம். அண்ணனிடம் இப்போதே சொல்லி, வாசலில் சந்தனக் கிண்ணத்தை அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் நாலு நாள் தங்கையின் கையில் பூசிப் பழகிக்கொண்டால் போதும்.