படிக்காமல் போட்ட கையெழுத்து, சமரசத் தீர்ப்பு: இனி எங்கே போவது?

கேள்வி: தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா இறந்த பிறகு நஞ்சையிலும் வீட்டிலும் பாகம் கேட்டு அண்ணன் மேல் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். "ஆளுக்குப் பாதி, சமாதானமாப் போயிடுவோம்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். நம்பிப்போய், அவர் ஏற்பாடு செய்த வக்கீல் ஆபீஸில் நாலைந்து தாளில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொள் என்று 2 லட்சம் ரூபாயை என் கணக்கில் போட்டார். 14 மாதம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அந்த 2 லட்சத்துக்கு என் பாகத்தையே விட்டுக்கொடுத்ததாகச் சமரசத் தீர்ப்பாணை பதிவாகியிருக்கிறது. புது வழக்குப் போடு என்கிறார் ஒருவர், அப்பீல் போ என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். தீர்ப்பு தந்த அதே நீதிமன்றத்துக்கு, அதே வழக்கு எண்ணில், அந்தச் சமரசப் பதிவை ரத்து செய்யக் கோரி மனுப் போடுங்கள்.

புது வழக்கு ஏன் கூடாது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3ஏ அதைத் தடுக்கிறது. சமரசம் சட்டப்படியானது இல்லை என்று சொல்லித் தனி வழக்குப் போட முடியாது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த விதி இது. ஆனாலும் இன்றுவரை தனி வழக்குப் போட்டு, பிராது நிராகரிக்கப்பட்டு, மூன்று நான்கு வருடத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பீலைப் பொறுத்தவரை, சம்மதத் தீர்ப்பாணைக்கு, அதாவது இரு தரப்பும் ஒத்துக்கொண்டதாகப் பதிவான தீர்ப்புக்கு, மேல்முறையீடு இல்லை என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 96(3). கட்டளை 43, விதி 1ஏ-யில் ஒரு சிறு வழி உண்டு. உங்கள் நிலைமைக்கு அதைத் தேடிப்போகத் தேவையில்லை.

மனுவுக்கு அடிப்படை அதே கட்டளை 23, விதி 3-இன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தச் சட்டப்படி செல்லாத, அல்லது செல்லாததாக்கத்தக்க (பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யக்கூடிய) உடன்பாடு எதுவும் சட்டப்படியான சமரசம் ஆகாது. மோசடி செய்து வாங்கிய சம்மதம் இதில் அடங்கும். 1993 சட்ட அறிக்கைகளில் வந்த பன்வாரி லால் எதிர் சாந்தோ தேவி வழக்கில், தன் வக்கீலே எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டு பொய்ச் சமரசம் தாக்கல் செய்துவிட்டார் என்றார் வாதி. விசாரணை நீதிமன்றம் தன் உத்தரவைத் தானே திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றம் அது தப்பு என்றது. உச்ச நீதிமன்றமோ விசாரணை நீதிமன்றம் செய்ததே சரி என்றது. பிறகு வந்த புஷ்பா தேவி பகத் வழக்கும் (2006) இதே வழியைத்தான் காட்டுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் சமரசம் வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் பதிவானதா, லோக் அதாலத்திலா (மக்கள் நீதிமன்றம்)? பாக வழக்குகள் நிறைய லோக் அதாலத்தில்தான் முடிகின்றன. கையெழுத்துப் போட்டவருக்கே அது தெரியாமல் இருக்கும். அங்கே முடிந்திருந்தால் நான் மேலே சொன்ன பாதை பொருந்தாது. உயர் நீதிமன்றத்தில், உங்களுக்கு மதுரைக் கிளையில், அரசமைப்புச் சட்டப் பிரிவு 226 அல்லது 227-இன் கீழ் மனுச் செய்ய வேண்டும். ஜலோர் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

எனவே முதல் வேலை நகல் மனு. தீர்ப்பாணை, சமரச மனு, உங்கள் வக்காலத்து, சமரசம் பதிவான நாளின் நடவடிக்கைக் குறிப்பு, எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வந்ததும் சமரச மனுவை ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். கடைசித் தாளில் மட்டும் கையெழுத்து இருந்து, பாகத்தை விட்டுக்கொடுக்கும் வாசகம் கையெழுத்தில்லாத நடுத்தாளில் இருக்கிறதா? தாள்களுக்கிடையே எழுத்துரு மாறுகிறதா? தேதி பேனாவில் திருத்தியிருக்கிறதா? அன்றைக்கு நீங்கள் கோர்ட்டில் ஆஜரானதாகவும், ஷரத்துகளைப் படித்துக்காட்டியதாகவும் குறிப்பு இருக்கிறதா? அப்படி இருந்து, அன்று நீங்கள் வேறு ஊரில் இருந்திருந்தால் பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

மனுவில் 'மோசடி செய்துவிட்டார்' என்று ஒற்றை வரி எழுதினால் நிற்காது. யார், எந்தத் தேதியில், எங்கே, என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார் என்று விவரமாக எழுத வேண்டும் என்பது கட்டளை 6, விதி 4. நிரூபிக்கும் பாரமும் உங்கள் மேல்தான். கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டியிருக்கும். முதல் கேள்வியே "படித்தவர்தானே, ஏன் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று வரும், அடுத்தது அந்த 2 லட்சம். பணம் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வங்கிக் கணக்குப் பொய் சொல்லாது. எதற்கென்று சொல்லித் தந்தார் என்பதைச் சொல்லி, அதை நீதிமன்றத்தில் கட்டத் தயார் என்று மனுவிலேயே எழுதுங்கள். உங்கள் நேர்மைக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

ஒன்றைக் கசப்பாகச் சொல்லியே ஆக வேண்டும். பாதிக்குப் பதில் கால்வாசி என்று தெரிந்தே ஒப்புக்கொண்டுவிட்டு, நிலத்தின் விலை ஏறியதும் 'ஏமாற்றிவிட்டார்' என்று வருகிறவர்கள் உண்டு. அது மோசடி ஆகாது. உங்கள் கடிதம் சொல்லும் கதை வேறு.

காலக்கெடு மூன்று வருடம். மோசடி மறைக்கப்பட்டிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து எண்ணலாம் என்கிறது காலவரையறைச் சட்டப் பிரிவு 17. வில்லங்கச் சான்றின் தேதி இங்கே உதவும். ஆனாலும் தாமதிக்காதீர்கள். நிலத்தை அண்ணன் வேறொருவருக்கு விற்றுவிட்டால், நான் நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கியவன் என்று அவர் நடுவில் வந்து நிற்பார். மனுவோடு சேர்த்தே இடைக்காலத் தடை கேளுங்கள்.

அந்த வக்கீல் உங்கள் வக்காலத்தையும் வைத்துக்கொண்டு அண்ணனுக்காகவும் வேலை பார்த்திருந்தால் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். போலீஸில் ஏமாற்றுப் புகாரும் தரலாம். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்டதால் தீர்ப்பாணை ரத்தாகிவிடாது.

அப்புறம், அந்த வாட்ஸ்அப் குரல் பதிவு. உங்களிடம் இருக்கும் ஆதாரங்களில் அதுதான் தலையாயது. அதை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். வக்கீல் கையில் அது சேரும்வரை அந்த போனை மாற்றவோ, ரீசெட் செய்யவோ, பேரப்பிள்ளை கையில் விளையாடக் கொடுக்கவோ வேண்டாம்.