வாசகர் கேள்வி பதில்: ஜீன் சமாச்சாரம்

கேள்வி: எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஏ பாசிட்டிவ். பையனுக்கு ஓ நெகட்டிவ்னு ரிப்போர்ட் வந்துருக்கு. மாமியார் ஒரு மாதிரி பாக்கறாங்க. ரிப்போர்ட் தப்பா இருக்குமோ?

பதில்: தப்பா இருக்கணும்னு ஒண்ணும் இல்லம்மா, தாராளமா நடக்கற விஷயம்தான். ரத்த குரூப்புக்கான ஜீன், அதாவது அப்பா அம்மாகிட்டேந்து வர்ற குறிப்பு, எல்லார்கிட்டயும் ரெண்டு காப்பி இருக்கும், அம்மாகிட்டேந்து ஒண்ணு அப்பாகிட்டேந்து ஒண்ணு. உங்ககிட்ட ஒரு ஏ-வும் ஒரு ஓ-வும் இருந்தா டெஸ்ட்ல ஏ-ன்னுதான் காட்டும், ஓ சத்தமே போடாம உள்ள உக்காந்துருக்கும். அவர்கிட்டயும் அதே மாதிரி இருந்து, ரெண்டு பேரும் அந்த ஓ-வையே குடுத்துட்டா குழந்தை ஓ. பாசிட்டிவ் நெகட்டிவும் இப்டித்தான், நெகட்டிவ் ஒளிஞ்சுக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டுமே ஒளிஞ்சிருந்தா ஓ நெகட்டிவ் வர 16-ல ஒரு சான்ஸ் இருக்கு, அதுவும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுசா அதே 16-ல ஒண்ணு, முன்னாடி பொறந்த குழந்தைக்கும் இதுக்கும் கணக்கு கெடையாது.

நெறைய பேர் ரெண்டு பெயின்ட்ட கலக்கற மாதிரி அப்பா அம்மா குணம் குழந்தைகிட்ட கலந்துடும்னு நெனைக்கறாங்க, அங்கதான் கொழப்பமே. பரம்பரை குணம் எப்படி வருதுன்னு ஆராய்ஞ்ச மெண்டல் மஞ்சப் பட்டாணிச் செடியையும் பச்சைப் பட்டாணிச் செடியையும் சேத்தப்போ மொத தலைமுறை முழுக்க மஞ்சதான். பச்சை அழிஞ்சுபோச்சுன்னுதானே தோணும்? அதுங்களையே அப்டியே வளரவிட்டா அடுத்த தலைமுறைல 6022 மஞ்சள், 2001 பச்சை. கலங்கின பச்சை இல்ல, பாட்டிகிட்ட இருந்த அதே பச்சை. 1866-லயே எழுதி வச்சுட்டாரு, 1900 வரைக்கும் யாரும் பெருசா கண்டுக்கல, பாவம்.

மாமியார்கிட்ட சொல்லுங்க, அந்த ஓ அவங்க பக்கத்துலேந்தே கூட வந்துருக்கலாம்! ரத்தம் ஏத்தற தேவை எப்பவாவது வரலாம்ங்கறதால குரூப்ப இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கறது நல்லதுதான், ஆனா சந்தேகத்துக்காக வேண்டாம்.

கேள்வி: நானும் தங்கச்சியும் ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்தவங்க, ஆனா பாத்தா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ஏன்?

பதில்: அப்பாகிட்ட ஜீன்களைச் சுமக்கற குரோமோசோம் 23 ஜோடி, ஜோடிக்கு ஒண்ணுதான் உங்களுக்கு வரும். எது வரும்ங்கறது குருட்டாம்போக்கு, அதுலயே 83 லட்சத்துக்கு மேல காம்பினேஷன் ஆச்சு, அம்மா பக்கமும் அதே அளவு, போதாததுக்கு ஜோடிக்குள்ளயே துண்டு துண்டா மாத்திக்கும். கூடப் பொறந்தவங்களுக்குள்ள சராசரியா பாதிதான் ஒத்துப்போகும். அச்சு அசலா இருக்கணும்னா ஒரே கருமுட்டைலேந்து வந்த இரட்டையரா பொறந்துருக்கணும்.

கேள்வி: எனக்கு சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது, பிறவிலேந்தே. அக்காவுக்கு பிரச்சனை இல்ல. இதுக்கு அம்மா எங்க அப்பாவத்தான் கொறை சொல்றாங்க.

பதில்: அப்பாவ விட்ருங்க சார். ஆணா பொண்ணான்னு தீர்மானிக்கற ஜோடில எக்ஸ், ஒய்னு ரெண்டு வகை குரோமோசோம், இது பெரும்பாலும் எக்ஸ்ல வர்ற கோளாறு, அந்த ஜோடில பையனுக்கு அப்பா குடுக்கறது ஒய் மட்டும்தான், எக்ஸ் அம்மாவோடது. அம்மாகிட்ட ரெண்டு எக்ஸ் இருக்கறதால நல்லது ஒண்ணு சமாளிச்சுடும், அவங்களுக்கே தெரியாது. அம்மாவோட அப்பாவுக்கு இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க. அக்காவும் இத சுமந்துட்டு இருக்கலாம், அவங்களுக்குப் பையன் பொறந்தா ஸ்கூல் சேக்கறதுக்கு முன்னாடி கண் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

கேள்வி: ஜிம் போய் உடம்ப ஏத்திருக்கேன், பொறக்கப்போற குழந்தைக்கும் அந்த பாடி வருமா?

பதில்: வராது தம்பி. நீங்க ஏத்தின தசை ஜீன்ல எழுதப்படறதில்ல, அவன் தனியா ஜிம்முக்கு ஃபீஸ் கட்டித்தான் ஆகணும்.