தம்பியின் ஜெயில் வேலையும் அம்மாவின் பயமும்

தங்கச்சி, ‘ஸ்க்ரூ’ என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்ததிலிருந்து தம்பியைச் சிறைக்காவலர் நேர்முகத் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன் என்று அம்மா அழுவதாக எழுதியிருந்தீர்கள். என் தாய்மாமா கண்டி போகம்பறைச் சிறையில் காவலராக வேலை பார்த்தவர். அதனால்தான் எழுதுகிறேன்.

2022இல் வந்த அந்தத் தொடர் பிரித்தானியாவின் ஆண்கள் சிறை ஒன்றைப் பற்றியது. நம்மூர் நிலைமை வேறு. 1876இல் திறந்த போகம்பறையையே 2014இல் மூடிவிட்டு, கைதிகளைப் பல்லேகலைச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அம்மா பயப்படுவது சரி. தொடரில் லீ என்ற அதிகாரி யாருக்கும் தெரியாமல் காலி அறையிலேயே இரவில் படுத்துக்கொள்வார் இல்லையா? அது எனக்குப் பழகிய முகம். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கதவைப் பார்த்த மாதிரிதான் உட்காருவார். சோற்றில் கை வைக்கும் முன் இடுப்பைத் தடவிப் பார்ப்பார், சாவிக்கொத்து இருக்கிறதா என்று. லீவு நாளிலும்! அந்த வேலை மனதுக்குள் குடியேறிவிடும். தம்பிக்கு மனம்விட்டுப் பேச வீட்டில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள். சிறையில் இருந்த, சிங்களம் வாசிக்கத் தெரியாத தோட்டத்துப் பையன்கள் வழக்குத் தாளை நீட்டிக்கொண்டு மாமாவிடம்தான் வருவார்களாம். தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் உள்ளே இருப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு!

தேர்வுக்கு முன் தம்பியை ஓய்வுபெற்ற காவலர் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேச வையுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.