நாடி வள்ளத்தில் ஏறாது

கேள்வி: ஐயா, தொலைபேசி இல்லாத காலத்தில் எங்கள் தீவில் ஒருவர் நோயில் விழுந்தால் வலிகாமத்துப் பரியாரியாரிடம் எப்படி ஆலோசனை கேட்டார்கள்? நோயாளியைப் பார்க்காமலே மருந்து கொடுத்தார்களா?
(வாசகி, நெடுந்தீவு)

பதில்: கொடுத்தார்கள், பிள்ளை. 1950களில் யாழ்ப்பாண வலிகாமத்து வட்டுக்கோட்டையில் என் பேரனார் கொடுத்ததைத் திண்ணையிலிருந்து பார்த்தவன் நான். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் பேரனார் என்றால் தாத்தா, பேர்த்தியார் என்றால் பாட்டி, பரியாரியார் என்றால் வைத்தியர். வேறு பொருள் கொண்டு சண்டைக்கு வரவேண்டாம்.)

தென்மேற்குச் சோளகக் காற்று வீசும் மாதங்களில் நோயாளியை வள்ளத்தில் ஏற்றுவது நோயைவிட ஆபத்து. அதனால் ஓர் ஆள் வருவார். தீவு தீவாகக் கடந்து, அராலித்துறையில் இறங்கி, எங்கள் வீட்டுப் படலையைத் தட்டுவார். முதலில் ஒரு செம்பு மோர். பிறகுதான் விசாரணை.

சித்த வைத்தியத்தில் எட்டு வகைத் தேர்வு உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். பேரனார் இவற்றில் எவை வள்ளத்தில் வரும், எவை வராது என்று பிரித்து வைத்திருந்தார். நாக்கில் மாப் படிந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, கண் மஞ்சளா, இரவில் எத்தனை தரம் எழும்பினார் என்பதையெல்லாம் வந்தவர் சொல்லிவிடலாம். நாடியும் உடம்புச் சூடும் வாய்ச்சொல்லில் வரமாட்டா. பாதிக் கேள்விக்கு "தெரியாது" என்று விழிப்பவரிடம், பள்ளிக் கொப்பியில் ஒரு தாள் கிழித்துக் கேள்விகளை எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். கூடவே பத்தியமும் சொல்லி அனுப்புவார். மருந்து அடுத்த வள்ளத்துக்குத்தான்.

சிலர் போத்தலில் மூத்திரத்தோடு வருவார்கள், நெய்க்குறி பார்க்க. விடியற்காலை நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து ஒரு துளி நல்லெண்ணெய் விடவேண்டும். அது பாம்புபோல நீண்டால் வாதம், மோதிரம்போலப் பரவினால் பித்தம், முத்துப்போல நின்றால் கபம். ஆனால் ஒரு முகூர்த்தத்துக்குள் பார்த்தாகவேண்டும் என்பது விதி. ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு. நெடுந்தீவுப் போத்தல் எங்கள் வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பேரனார் அதை மரியாதையாக வாங்கி, கிணற்றடி வாழைக்கு ஊற்றுவார். கொண்டுவந்தவரின் முகம் அப்போது போகும் போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

பெண்களின் நோய்தான் பெரிய சிக்கல். எந்த வருத்தமாக இருந்தாலும் கணவன்மார் "வயிற்று வலி" என்றுதான் சொல்வார்கள். ஏழு மாதமாக உதிரப்போக்கு இருந்த ஒருவரும் எங்கள் திண்ணையில் "வயிற்று வலி"யாகவே வந்து சேர்ந்தார். பேரனார் கணவனை வெளியில் இருத்திவிட்டு, "அடுத்த முறை மாமியாரையோ தமக்கையையோ அனுப்பு" என்றார். அப்படி வந்த பெண்ணைப் பேர்த்தியார் குசினிக்குள் அழைத்துப்போய்க் கேட்டு, அரைமணி நேரம் கழித்துப் பேரனாரிடம் நாலே சொல்லில் சொன்னார். அந்த நாலு சொல்லில்தான் மருந்து இருந்தது. பேர்த்தியாரை யாரும் பரியாரி என்று அழைத்ததில்லை.

கேள்வி: தூது வந்தவர் நின்ற திசை, பேசிய முதல் எழுத்து இவற்றை வைத்தே நோயாளி பிழைப்பாரா என்று சொன்னார்களாமே! சுத்த மூடநம்பிக்கைதானே?
(வாசகர், கொக்குவில்)

பதில்: பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் எங்கள் ஊரார் கட்டிவிட்ட கதை அல்ல. பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதரின் நூலில் சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 29ஆம் அத்தியாயமே தூதனின் உடை, பேச்சு, நிற்கும் நிலை பற்றிப் பேசுகிறது. விஷகடி வைத்தியத்தில் இது இன்னும் அதிகம். கடிபட்டவரைச் சுமந்துவர நேரமில்லாதபோது, வந்தவரைத்தானே பார்க்கமுடியும்?

பேரனாருக்குத் திசையில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆளை வாசிப்பார். மூச்சிரைத்து, கால் நிறையச் சேறோடு வந்தால் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார். கஞ்சி போட்ட வேட்டியோடு வந்தால், "இருங்கள், வெற்றிலை போடுங்கள்." ஒருநாள் அப்படிச் சலவை வேட்டியோடு ஒருவர் வந்தார். பேரனார் அவசரப்படவில்லை. அந்த மனிதர் கலியாண வீட்டிலிருந்து நேரே சைக்கிளில் வந்திருக்கிறார். கடிபட்டது அவருடைய தம்பி. பேரனார் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பறை கேட்டது. அதற்குப் பிறகு யார் வந்தாலும், எந்த வேட்டியோடு வந்தாலும், பேரனார் முதலில் எழுந்து நின்றுகொண்டுதான் விசாரித்தார்.

கேள்வி: வெள்ளைக்கார வைத்தியர்களும் இப்படிப் பார்க்காமல் மருந்து சொன்னதுண்டா? மானிப்பாய் கிறீன்?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: தாராளமாக. 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் வில்லியம் கல்லன் என்ற பேராசிரியர் (1710–1790) கடிதத்தின் மூலமே ஆயிரக்கணக்கான ஆலோசனைகள் வழங்கினார். நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் உருவாக்கிய நகலெடுக்கும் கருவியை வாங்கி, தாம் எழுதிய பதில்களுக்குப் பிரதி வைத்துக்கொண்டவர். பேரனாருக்கு அது கிடைத்திருந்தால் எனக்கு இன்று ஞாபகத்தைக் கிளற வேண்டிய வேலை மிச்சம். அகராதி தொகுத்த சாமுவேல் ஜோன்சன் 1784இல் இலண்டனில் உடம்பில் நீர் கோத்த வீக்கத்தாலும் மூச்சுமுட்டாலும் அவதிப்பட்டபோது, நண்பர் பொஸ்வெல் கல்லன் உட்பட எடின்பரோ வைத்தியர்களுக்கு எழுதிக் கேட்டார். அங்கேயும் தூது போனது இன்னொருவர்தான், பார்த்தீர்களா?

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்தவர். தமிழிலேயே மேலைவைத்தியம் கற்பித்தவர். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும், தமிழ் மருத்துவ நூல் வேலையை மசாசுசெற்சிலிருந்து தொடர்ந்தார். நோயாளிக்குப் பதில் புத்தகத்தைத் தூரத்திலிருந்து கவனித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலாயாவில் ரயில்வேயில் வேலைபார்த்த என் பேரனாருக்கு ஊர்ப் பரியாரியார் எழுதிய கடிதம் ஒன்று தகரப் பெட்டியில் கிடைத்தது. "சுக்கு, மிளகு, திப்பிலி வகைக்கு ஒரு கழஞ்சு... எட்டொன்றாய்க் காய்ச்சி" என்றிருக்கிறது. எனக்கும் அவருக்கு இருந்த அதே மூச்சிளைப்பு. குடித்துப் பார்க்கலாமா?
(வாசகி, கரவெட்டி)

பதில்: கழஞ்சு ஏறத்தாழ 5 கிராம். எட்டொன்றாய் என்றால் எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றவைப்பது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் குடிக்கவேண்டாம், தங்கச்சி. அந்தப் பதில் உங்கள் பேரனார் எழுதிய ஒரு கேள்விக்கு வந்தது. அவருக்கு எத்தனை வயது, இளைப்பு இரவிலா பகலிலா, வேறென்ன மருந்து சாப்பிட்டார் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் இருந்திருக்கும். அது உங்கள் பெட்டியில் இல்லை. இளைப்புக்கு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த வைத்தியரைத்தான் பார்ப்பேன் என்றால் நேரில் பாருங்கள், அவர் உங்கள் கையைப் பிடித்து நாடி பார்க்கட்டும்.

மலாயாக் கடிதங்கள் எங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இருந்தன. மூன்று பக்கம் மாமியாரைப் பற்றி, கடைசி வரியில் மூலவியாதி என்று ஒருவர் எழுதியதைப் பேரனார் வாசித்துச் சிரித்தது நினைவிருக்கிறது. 1995 போர் இடப்பெயர்வில் அந்தக் கட்டைக் கைவிட்டுவிட்டுத்தான் போனோம். உங்கள் கடிதத்தில் ஒப்பம் இட்ட இடத்தை மட்டும் ஒரு படி எடுத்து அனுப்புங்கள். பேரனார் "ன" எழுதும்போது வாலை நீளமாக இழுப்பார்.